ஹெல்மெட்டில் ஒரு கூறு இறால்

தலையில் அடிபட்டு எழுந்தவனிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. கேட்டால் அவன் சொல்லிவிடுவான். சொன்னால் எல்லோருக்கும் கஷ்டம்.

என் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பதிலாக எல்லோரும் அவர்களே சொல்லிக்கொண்டார்கள். அது அதைவிடக் கஷ்டமாகப் போயிற்று.

சைக்கிளில் போகிறவன் ஹெல்மெட் போட்டால் பிழைப்பானா, மாட்டானா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு கட்சிக்கும் ஒரே நேரத்தில் சாட்சியாக நின்றவன் நான். எனக்கு அன்றைக்கும் விடை தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

எழுபதுகளில் நடந்தது. நான் திருவொற்றியூரில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் வேலையில் இருந்தேன். வீடு ராயபுரம். போக வர சைக்கிள். ஷிப்ட் விடும் நேரத்தில் அந்த ரோட்டைப் பார்த்தால் ரோடு தெரியாது, சைக்கிள்தான் தெரியும். சைக்கிளுக்கு நடுவே துறைமுகத்து லாரிகள். ஒரு விளக்கு எரியும், ஒன்று எரியாது. (எந்தப் பக்கம் எரியும் என்பது லாரியின் இஷ்டம்.) அவ்வப்போது எங்களில் ஒருவன் வேலைக்கு வர மாட்டான். ஆலை வாசலில் கறுப்புக் கொடி கட்டுவோம். மறுநாள் கழற்றி மடித்து வைப்போம். மறுபடி வேண்டியிருக்கும் என்று தெரியும்.

ஹெல்மெட் என்றால் சைக்கிளுக்கான ஹெல்மெட் இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஆலையில் கொடுத்த மஞ்சள் ஹெல்மெட். உள்ளே பட்டை, தாடைக்கு ஒரு வார். எங்கள் ஆட்கள் அதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டார்கள். கவிழ்த்துப் போட்டு உட்காருவார்கள். நிமிர்த்தி வைத்துப் பொரி தின்பார்கள். எண்ணூர்ப் பக்கம் மீன் வாங்கப் போகிறவன் அதில்தான் வாங்கி வருவான். வாரை ஹேண்டில்பாரில் மாட்டினால் கூடை. தலையில் போடுவதும் உண்டு, ஃபோர்மேன் வரும்போது.

எனக்குப் பெண் பார்த்தார்கள். ராயபுரத்திலேயே. பெண் பெயர் ரோசி. அவள் அப்பா மிக்கேல் மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பேச்சு முடிந்து காப்பி வந்த பிறகு அவர் ஒன்று கேட்டார்.

"வேலைக்கு சைக்கிள்லயா போறே தம்பி?"

"ஆமா மாமா."

"வுட்டுடு."

"வேலையையா?"

"சைக்கிள."

"அப்புறம் வேலைக்கு எப்பிடிப் போறது மாமா?"

அவர் எனக்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஒரு படம் இருந்தது. அவருடைய மூத்த மருமகன். அதே ரோட்டில், சைக்கிளில் போகும்போது லாரி அடித்துச் செத்தவர். அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, ரோசிக்கு மூத்தவள், கதவோரம் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள்.

"அப்போ ஹெல்மெட்டு போட்டுக்கினு போ," என்றார் மாமா. "கம்பெனில குடுத்துகிறாங்க இல்ல, அத்த. வூட்ல மாட்டுனா கேட்லதான் கயட்டணும். அவன் தலையில அது இருந்திருந்தா இன்னிக்கு இந்த சேர்ல அவனும் குந்திக்கினு இருப்பான். மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை மஞ்சள் ஹெல்மெட்டோடு சைக்கிளில் போன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். காசிமேட்டில் மீன்காரம்மாக்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"இன்னா நைனா, மேல இருந்து இன்னா வியப்போவுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் வானத்தைப் பார்த்தேன். (பார்த்திருக்கக் கூடாது. அதன் பிறகு தினமும் கேட்டார்கள்.) வெயிலில் உள்ளே தலை வெந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. லாரி ஹார்ன் பக்கத்துத் தெருவில் அடிப்பது போலக் கேட்டது. ஆனாலும் சத்தியம் சத்தியம்தான்.

மாதா கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் மாப்பிள்ளை பெண் பெயரை வாசிப்பார். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும். இரண்டு ஓலை நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதுக்கு ஒரு வாரம் இருந்தது.

அந்த வாரம் எனக்குப் புத்தி வேலை செய்தது.

ரோசிக்கு இறால் என்றால் உயிர் என்று ஸ்டெல்லா அக்கா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. காலை ஷிப்ட் முடிந்ததும் எண்ணூருக்கு மிதித்தேன். முகத்துவாரத்து இறால், ஒரு கூறு. பெண் வீட்டுக்கு வேலை வைக்கக் கூடாது என்று உரித்துத் தரச் சொன்னேன். விற்றவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கட்டிக்கப் போற பொண்ணுக்கா?"

"ஆமா."

"அதானே பாத்தேன்."

உரித்துத் தாமரை இலையில் வைத்துக் கொடுத்தாள். கொழகொழவென்று இருந்தது. பை கொண்டு போகவில்லை. ஹெல்மெட் இருந்தது.

அங்கே நின்று யோசித்தேன். தலையா, இறாலா. பொட்டலத்தைக் கையில் பிடித்தால் ஒரு கையால் ஓட்ட வேண்டும். லாரி வருகிற ரோட்டில் அது ஆபத்து. ஆபத்து வேண்டாம் என்றுதான் ஹெல்மெட்டைத் தலையிலிருந்து எடுத்து, இறாலை அதில் வைத்து, ஹேண்டில்பாரில் மாட்டினேன்.

திருவொற்றியூர் நெருங்கும்போது பின்னால் லாரி ஹார்ன் அடித்தது. அன்று காதை மூட ஒன்றும் இல்லாததால் நன்றாகக் கேட்டது. நன்றாகக் கேட்டதால் பயந்து ஹேண்டில்பாரை ஒடித்தேன். ஹெல்மெட் ஆடியது. அதன் வார் முன் சக்கரத்துக் கம்பிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. சைக்கிள் நின்றது. நான் நிற்கவில்லை.

லாரி என்னைத் தொடாமல் போய்விட்டது. வார் அறுந்து ஹெல்மெட் எனக்கு முன்னால் பறந்து ரோட்டோரத்துக் கருங்கல் மேல் மல்லாந்து விழுந்தது. என் தலை போய்ச் சேர்ந்த இடத்தில் அது முன்னாலேயே போய்க் காத்துக்கொண்டிருந்தது. இறாலோடு.

கண் விழித்தபோது சுற்றிலும் கால்கள். யாரோ சொன்னார்.

"மூள வெளிய வந்துட்ச்சுப்பா."

நான் காதுப் பக்கம் தொட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று கையில் வந்தது. நானும் நம்பினேன். மூளை வெளியே வந்த பிறகும் யோசனை வருகிறதே என்று மட்டும் குழப்பமாக இருந்தது.

எனக்குப் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர் கஜபதி. எங்கள் யூனியன் செயலாளர். அவர்தான் என்னை ஒரு கைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் "தோழர், போயிடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் போகவில்லை. ஆனால் நான் போய்விட்டேன் என்ற செய்தி எனக்கு முன்னால் ஆலைக்குப் போய்விட, அங்கே கறுப்புக் கொடியைப் பிரித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் என் காதிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"டாக்டர், இது எறா மாதிரி கீது."

"வேலையைப் பாருய்யா," என்றார் டாக்டர்.

காதில் தையல். கை கழுத்தில் தொங்கியது. தலைக்குக் கட்டு. மண்டை ஓட்டுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிப் பூனை ஒன்று என் கட்டிலடியை விட்டு நகரவே இல்லை.

சாயங்காலம் மிக்கேல் மாமா வந்தார். கூட ஸ்டெல்லா அக்கா. ஆலையின் சேஃப்டி ஆபீசர் வரதராஜன் ஏற்கனவே வந்து நின்றிருந்தார். அவர் கையில் என் ஹெல்மெட். நடுவில் நீளமாக விரிசல்.

"பாருங்க பெரியவரே," என்றார் ஆபீசர். "இது விரிஞ்சிருக்கு. தலை விரியல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மாமா அதை வாங்கி முத்தம் கொடுத்தார். அழுதார். "சொன்னேனே, கேட்டியே ராசா. சத்தியத்தக் காப்பாத்துன. அது உன்னிய காப்பாத்திச்சு."

"மாமா," என்றேன்.

"பேசாத. டாக்டரு பேசக் கூடாதுன்னாரு."

ஸ்டெல்லா அக்கா ஹெல்மெட்டை அவர் கையிலிருந்து வாங்கினாள். உள்ளே பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு என்னைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் ஆலையில் பாதுகாப்பு வாரம். சனிக்கிழமை பந்தல் போட்டு விழா. தொழிலாளி வீட்டாருக்கும் அழைப்பு. ஆளுக்கு ஒரு பன், டீ. அதில் பட்டிமன்றமும் உண்டு. சைக்கிளில் வரும் தொழிலாளி ஹெல்மெட் அணிந்தால் உயிர்ச்சேதம் குறையுமா, குறையாதா. குறையும் என்று ஆபீசர். குறையாது என்று கஜபதி. நடுவர் மேனேஜர். மேடைக்கு நடுவில் ஒரு நாற்காலியில் நான், கட்டோடு. பக்கத்து மேசையில் விரிந்த ஹெல்மெட். அதற்கு மாலை போட்டிருந்தார்கள். (எனக்குப் போடவில்லை.)

முன் வரிசையில் மிக்கேல் மாமா. அவருக்கு ஒரு பக்கம் ஸ்டெல்லா அக்கா, ஒரு பக்கம் ரோசி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது ஓலை.

ஆபீசர் முதலில் பேசினார். இரண்டு மண்சட்டி கொண்டுவந்திருந்தார். ஒன்றுக்கு ஹெல்மெட் மாட்டினார், ஒன்றுக்கு இல்லை. மேசை மேலிருந்து இரண்டையும் தள்ளினார். சட்டிக்குத் தாடை கிடையாது, வார் நிற்கவில்லை. ஹெல்மெட் ஒரு பக்கம் போயிற்று, அந்தச் சட்டி மேசைக் காலில் இடித்து உடைந்தது. மற்றது மணலில் விழுந்து உருண்டு கஜபதி காலடியில் போய் நின்றது.

"சட்டி நம்ம கட்சி," என்றார் கஜபதி.

பந்தலே சிரித்தது. பிறகு அவர் பேசினார். எனக்கு அவர் பேச்சு பிடித்தது. ஹெல்மெட் போட்டால் காது கேட்காது, உண்மை. வேர்வை கண்ணை மறைக்கும், உண்மை. போட்டவனைப் பார்த்தால் லாரிக்காரன் இன்னும் கொஞ்சம் ஒட்டி ஓட்டுவான் என்றார். அதுவும் எனக்கு நடந்திருக்கிறது. "லாரிக்கு லைட்டு போடச் சொல்லு, ரோட்டுல குயி மூடச் சொல்லுன்னா, தொய்லாளி தலைக்கு மூடி போடுறாங்க. நாளைக்கு ஒருத்தன் செத்தா, ஹெல்மெட்டு போட்டியான்னு பொணத்தக் கேப்பாங்க தோழர்." நான் கைதட்டப் பார்த்தேன். ஒரு கைதான் இருந்தது.

ஆபீசர் எழுந்து பதில் சொன்னார். லைட் போடுகிற வரைக்கும், குழி மூடுகிற வரைக்கும் தினமும் தலையோடுதானே போக வேண்டும், அதுவரை தலையை என்ன செய்வது என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஒருவர் பேசும்போது அவர் பக்கம், மற்றவர் பேசும்போது இவர் பக்கம் என்று திரும்பித் திரும்பித் தையல் வலித்தது.

கடைசியில் இரண்டு பேரும் என்னைக் காட்டினார்கள்.

"விழும்போது இவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. அதனால் பிழைத்தார்," என்றார் ஆபீசர்.

"பின்னால வந்தவன் நானு. ஹெல்மெட்டு தலையில இருந்து நழுவி சக்கரத்துல மாட்டிச்சு. அதனாலதான் வியுந்தாரு," என்றார் கஜபதி.

முன் வரிசையில் மிக்கேல் மாமா எழுந்தார்.

"ஒரு நிமிசம் சார். தலையிலயே இருந்துச்சுங்கிறீங்க நீங்க. தலையில இருந்து வியுந்துச்சுங்கிறாரு இவரு. ரெண்டுல எது?"

இரண்டு பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தலையில இல்ல மாமா," என்றேன்.

"பின்ன?"

"ஹேண்டில்பார்ல."

"ஹேண்டில்பார்ல அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சு?"

"எறா."

மைக் இருந்ததால் நன்றாகக் கேட்டது.

மேனேஜர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். பிறகு பின்வரிசையில் யாரோ, "அப்போ அது மூள இல்லியா?" என்றார். அதன் பிறகு பட்டிமன்றம் நடக்கவில்லை. ஆபீசர் சொன்னார், எப்படியிருந்தாலும் தலை ஹெல்மெட்டில்தானே விழுந்தது, ஆகவே ஹெல்மெட்தான் காப்பாற்றியது. கஜபதி சொன்னார், சக்கரத்தில் மாட்டியதும் அதே ஹெல்மெட்தான், விழ வைத்ததும் அதுதான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "மெய்யாலுமே காப்பாத்துனது எறாதான் தோழர்களே. தொய்லாளி ஒவ்வொருத்தனுக்கும் தெனம் ஒரு கூறு எறா நிர்வாகம் குடுக்கணும்," என்றார். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

மேனேஜர் தீர்ப்புச் சொன்னார். இது மேலும் ஆராய வேண்டிய விஷயம் என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் மாமாவைத் தேடினேன். அவர் இல்லை.

வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். மகள்கள் இரண்டு பக்கமும். நான் கட்டும் கையுமாகப் போய் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னார்.

"மாதா மேல சத்தியம் பண்ண. எறாக்காகத் தூக்கிக் கடாசிட்ட. நாளைக்கு ஓலை இல்ல. காலைல போயி சாமியார்கிட்ட நானே சொல்றேன், எனக்குத் தடை கீதுன்னு. இன்னொரு பொண்ணையும் வெள்ளப் புடவைல பாக்க என்னால ஆவாது."

தையல் வலிக்கத் தலையாட்டினேன். அவர் சொன்னது சரி.

ஸ்டெல்லா அக்காதான் அப்பாவிடம் பேசினாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"நைனா, நீ எங்க வூட்டுக்காரரு மூஞ்சப் பாக்கல. ஆஸ்பத்திரில நீ வெளியவே நின்னுக்கினு இருந்த. நான் பாத்தேன்."

"அத்த ஏன் இப்போ..."

"அவரு தலைல ஒரு கீறல் கூட இல்ல நைனா. எண்ண தடவி வாரின மாதிரியே இருந்துச்சு. சக்கரம் ஏறுனது இடுப்புல. நீ ஹெல்மெட்டு ஹெல்மெட்டுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்க. சரி, உனுக்கு அது ஒரு ஆறுதல்னு நானும் வுட்டுட்டேன். அத்தப் போட்டிருந்தாலும் அவரு வந்திருக்க மாட்டாரு. இவரு போடாமயே வந்து நிக்கிறாரு. இதுக்கு இன்னா கணக்குன்னு எனக்கும் தெரியல."

 பஸ் ஒன்று வந்து நின்றது, போயிற்று. யாரும் ஏறவில்லை.

அப்போது ரோசி கேட்டாள். என்னைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"அந்த எறா யாருக்கு?"

"உனக்குத்தான்."

"உரிச்சதா?"

"உரிச்சது."

"உங்க கண்ணு முன்னால உரிச்சாங்களா?"

நான் யோசித்தேன். அந்தப் பெண் உரிக்கும்போது நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கல."

ரோசி அப்பா பக்கம் திரும்பினாள். "பாத்தியா நைனா. பாதிய அவ எடுத்து வச்சிகினு இருப்பா. எறாவ உரிச்சு வாங்குற ஆள எங்கனா பாத்துகிறியா நீ? தலைல போடுறத வண்டில மாட்டிக்கினு, கடலப் பாத்துக்கினு. இந்த ஆளத் தனியா வுட்டா ரோட்டுல லாரி ஏறாது, ஊரே ஏறிப் போவும்."

"அதான் வேணாங்கிறேன்," என்றார் மாமா.

"அதான் போறேங்கிறேன்," என்றாள் ரோசி.

அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் ஏறிவிட்டார்கள். மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்ன முடிவு என்று தெரியாமல் நான் வீடு வரை நடந்தேன். (சைக்கிள் ஆலையில் வளைந்து கிடந்தது.)

மறுநாள் பூசைக்குச் சீக்கிரமே போய்விட்டேன். சாமியார் ஓலையை எடுத்தார். என் பெயரை வாசித்தார். ரோசி பெயரை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்றார்.

ஆண்கள் பக்கத்திலிருந்து மிக்கேல் மாமா இருமினார்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சாமியாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மாமா இருமி முடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றார்.

அவ்வளவுதான். அது தடையா, சளியா என்று அவர் சாகிற வரைக்கும் நான் கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு ஆலையிலிருந்து வந்தவர்கள் ஆளாளுக்கு இறால் கொண்டுவந்தார்கள். மாமா எனக்கு இரண்டு பொருள் கொடுத்தார். புது வார் தைத்த ஹெல்மெட் ஒன்று. மூடி வைத்த ஒயர் கூடை ஒன்று. எது எதற்கு என்று விளக்கமும் சொன்னார், எல்லோர் முன்னாலும், சத்தமாக. வேலையிலிருந்து ஓய்வு பெறும் வரை இரண்டையும் சரியான இடத்தில்தான் மாட்டினேன். அதன் பிறகு விழவில்லை. ஹெல்மெட்டாலா, கூடையாலா என்று தெரியாது.

எங்கள் வீட்டில் யார் சைக்கிளை எடுத்தாலும் உள்ளேயிருந்து ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது வந்தது. மருமகன் முதல் தடவை வந்தபோது அவரிடமும் கேட்டார்கள். பாவம், அவருக்குப் புரியவில்லை.

போன மாதம் பேத்தி புதுச் சைக்கிள் வாங்கினாள். கூடவே ஒரு ஹெல்மெட். பஞ்சு மாதிரி லேசாக, ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. தூக்கிப் பார்த்தேன். ஒரு கூறு இறால்கூடத் தாங்காது.

"இதப் போட்டா ஒண்ணும் ஆவாதா தாத்தா?"

நான் யோசித்தேன். ஆபீசர் சொன்னதும் ஞாபகம் வந்தது, கஜபதி சொன்னதும் ஞாபகம் வந்தது. ஸ்டெல்லா அக்கா சொன்னதும்.

"தெரியல," என்றேன். "போட்டுக்கோ."

வாரை அவள் தாடைக்குக் கீழே நானே இறுக்கி மாட்டிவிட்டேன். சமையல் கட்டிலிருந்து ரோசி குரல் கொடுத்தாள்.

"எறா எடுத்துக்கினாளா, கேளு."